நாலு அத்தியாயக் கழிவு

ஜெயசுதாவின் நாவலுக்காக நான் பேரம் பேசினேன். அங்கே யாரும் எதையும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

எங்கள் கடை கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மிளகு, காபிக்கொட்டை, பலா, கொஞ்சம் கடுக்காய். நான் அடிவாரத்துக்காரன். என் அப்பா சின்னுசாமியும் அவருடைய தம்பிகளும் சந்தை சந்தையாகப் போய் வாயாலேயே வயிறு வளர்த்தவர்கள். பெண் பார்க்கப் போனாலும் முதலில் ஒத்துவராது என்று சொல்லிவிட்டு, வாசல் வரை வந்து, செருப்பை மெதுவாக மாட்டுகிற குடும்பம் எங்களுடையது. என் மனைவி பானுமதி இதை இன்றும் சொல்லிக்காட்டுவாள். அன்றைக்குத் தன் அப்பா எங்களைத் திரும்பக் கூப்பிடாமல் இருந்திருந்தால் தான் பிழைத்திருப்பேன் என்பாள்.

மலையில் மிளகு வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, முகத்தைச் சுளித்து ஒரு விலை சொல்ல வேண்டும். ஈரத்துக்கு, காம்புக்கு என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்துக்கொள்வோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் கழிவு. கொண்டுவந்தவர் கட்டுப்படியாகாது என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு பத்தடி நடப்பார். நாங்கள் கூப்பிடுவோம். அவர் பாதி திரும்புவார். இப்படி மூன்று தரம் ஆனால்தான் இரண்டு பக்கமும் திருப்தி. முதல் பேச்சுக்கே தலையாட்டுகிறவரை நாங்கள் நம்ப மாட்டோம். உள்ளே என்னமோ இருக்கிறது என்று மறுபடியும் கையை விடுவோம்.

ஜெயசுதா வளப்பூர் நாட்டுக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டாவது வரை படித்தவள். ஒன்றரை ஏக்கர் காடு, அதில் மரவள்ளி, சாமை, சவுக்கு மரங்களில் ஏற்றிய மிளகு. அவளும் புருஷன் அருள்ராஜும் பொங்கல் முடிந்ததும் குடகுக்கு மிளகு பறிக்கப் போவார்கள், சித்திரையில் திரும்புவார்கள். பத்து வருஷமாக என் கடைக்குத்தான் மிளகு போடுகிறாள். அதிகம் பேச மாட்டாள். பத்தடி நடப்பதையும் அவள் மாதிரி யாரும் நடக்க முடியாது, நிஜமாகவே போய்விடுவாள் என்று நமக்கே பயம் வரும்.

போன ஆனி மாதம் ஒரு நாள் கைப்பையில் பதினொரு நோட்டுகளோடு வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, மத்தியானத்துல உங்க கம்ப்யூட்டர் சும்மாதான இருக்கும்?"

"நானுங்கூடத்தான் சும்மா இருப்பேன். எதுக்கு அம்மணி?"

"ஒரு நாவல் எழுதியிருக்கேனுங்க. டைப் பண்ணோணும்."

நான் நோட்டுகளைப் பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டு, நாற்பது பக்கம், அட்டையில் மயில். எழுத்து சின்னதாக, நெருக்கமாக, ஒரு அடித்தல் இல்லாமல் இருந்தது.

"எதைப் பத்தி?"

"குடகுக்குப் போற பொம்பளைங்களைப் பத்திங்க."

"அவங்கதான் வருஷா வருஷம் போறாங்களே, அதுல எழுத என்ன இருக்குது?"

"அதனாலதானுங்க எழுதினேன்" என்றாள்.

பிறகு போனை எடுத்துக் காட்டினாள். கோயம்புத்தூரில் ஒரு அறக்கட்டளை போட்டி வைத்திருந்தது. இதுவரை புத்தகமே வெளிவராத எழுத்தாளர்கள், அச்சாகாத நாவலின் கைப்பிரதியை அனுப்ப வேண்டும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெயர் பெற்ற எழுத்தாளர் ஒருவர் ஆறு மாதம் அதை எழுதியவரோடு உட்கார்ந்து வரிவரியாகச் செப்பனிட்டுக் கொடுப்பார். பிறகு நல்ல பதிப்பகங்களிடம் அவரே கொண்டுபோவார்.

"பரிசு எவ்வளவு?"

"பரிசு அதானுங்க. கூட உக்காந்து சொல்லித் தாரது."

"அதுக்கு நாம எவ்வளவு குடுக்கோணும்?"

"ஒண்ணும் வேண்டாமாமுங்க."

எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் வியாபாரத்தில் இரண்டே தரம்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் லாரியோடு காணாமல் போனார்கள்.

ஆனாலும் கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். ஆனியிலிருந்து புரட்டாசி வரை, காட்டு வேலை இல்லாத மத்தியானங்களில் பதினொன்றரை மணி பஸ்ஸில் வருவாள், நாலு மணி பஸ்ஸில் போவாள். மழை தகரத்தில் கொட்டும். அவள் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருப்பாள். கடைக்கு வருகிறவர்கள், என்னங்க கணக்கெழுத ஆள் வச்சுட்டீங்களா என்பார்கள். "இல்லீங்க, இவங்க பெரிய எழுத்தாளர். நாளைக்கு நம்ம கடைக்கு முன்னால சிலை வப்பாங்க. இடம் பத்தாதுன்னு யோசிச்சுட்டிருக்கேன்" என்பேன். அவள் திரும்பாமலே சிரிப்பாள்.

ஒரு நாள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அண்ணா, நீங்க கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்றீங்களா?"

"படிக்கறன் அம்மணி, சீசன் முடியட்டும்" என்றேன். அது எந்த சீசனும் இல்லாத மாதம்.

புரட்டாசி கடைசியில் அனுப்பினாள். அவள் ஊரில் சிக்னலுக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அதனால் பதில் வந்திருக்கிறதா என்று என் கடையில்தான் வந்து பார்ப்பாள். கார்த்திகையில் ஒரு புதன்கிழமை வந்து திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். ருக்குமணி என்ற எழுத்தாளர் எழுதியிருந்தார். வழிகாட்டப் போகிறவர் அவர்தான்.

"அன்புள்ள ஜெயசுதா, வந்த நூற்று நாற்பத்திரண்டு கைப்பிரதிகளில் கடைசியாக இரண்டு என் மேசையில் இருக்கின்றன. ஒன்று உங்களுடையது. உண்மையைச் சொன்னால் என் மனம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. முடிவு செய்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். முதல் நான்கு அத்தியாயங்களை விட்டுவிட்டு ஐந்தாவதில் நாவலைத் தொடங்க உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் இல்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்."

ஜெயசுதா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அந்த நாலு மேல சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு. சரிங்கன்னு எழுதிடறேன்."

"இரு" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இப்போது நினைத்து நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

என் கண்ணுக்கு அந்தக் கடிதம் வேறு மாதிரித் தெரிந்தது. வாங்க வந்தவர், உங்கள் சரக்கின் மேல் மனசு வைத்துவிட்டேன் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். எங்கள் அப்பா இதைப் பார்த்திருந்தால் அந்தம்மாவைப் பாவம் என்றிருப்பார். மனசு வைத்ததை மறைக்கத் தெரியவில்லை. மறைக்கத் தெரியாததால் கழிவு கேட்கிறார், அதுவும் எடுத்த எடுப்பில் நாலு அத்தியாயம். நாலு கேட்டால் ஒன்றில் முடிக்கலாம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை என்று கெடு வைப்பது அவசரம் அவர் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அவங்க எழுத்தாளருங்கண்ணா. மிளகு வாங்க வரலியே."

"எல்லாரும் ஒரே மாதிரிதான் கண்ணு. இப்பச் சரின்னு சொன்னீன்னா, இவளுக்கே இவ சரக்கு மேல நம்பிக்கை இல்லைன்னு நெனப்பாங்க. நாளைக்குப் பத்து அத்தியாயத்தைத் தூக்குன்னு சொல்லுவாங்க. நீ முடியாதுன்னு சொல்லு. அவங்களே போன் பண்ணுவாங்க. அப்ப, சரிங்கம்மா, உங்களுக்காக ரெண்டு எடுக்கறேன்னு சொல்லு. மருவாதியா இருக்கும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக என்னிடம் மல்லுக்கட்டி விலை வாங்கியவள். அதனாலேயே, இந்த ஆளுக்குப் பேசத் தெரியும் என்று நம்பினாள். என்னை ஏமாற்றத் தெரியாதவன் என்று நினைத்திருந்தால் கேட்டிருக்க மாட்டாள்.

"அப்ப நீங்களே எழுதுங்க. எனக்கு இப்படி எழுத வராதுங்க."

எழுதினேன். "நாவல் முழுமையாக உள்ளது. எதையும் நீக்கும் எண்ணம் இல்லை. சென்னையில் ஒரு பதிப்பாளரும் விசாரித்திருக்கிறார். ஆகவே தங்கள் முடிவை விரைந்து தெரிவிக்கவும். இப்படிக்கு ஜெயசுதா."

அவள் படித்தாள். "சென்னையில யாருங்கண்ணா விசாரிச்சாங்க?"

"இனிமே விசாரிப்பாங்க."

அனுப்பும்போது எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தேன். எங்கள் தொழிலில் சரக்கின் மேல் சொந்தக்காரர் கை பட்டுத்தான் பேரம் முடிய வேண்டும். அவள் விரலால் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை சாமை மூட்டையோடு வந்தவள், தொட்டி மேட்டில் நின்று பார்த்தும் போன் ஏதும் வரவில்லை என்றாள். "பத்தடி நடந்திருக்கறோம். இன்னும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பதில் இருந்தது.

"அன்புள்ள ஜெயசுதா, உங்கள் நாவல் உங்களுக்கு முழுமையாகத் தெரிகிறது என்பதும், பதிப்பாளர் ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதும் மிகுந்த மகிழ்ச்சி. இந்த வாய்ப்பு யாருமே கேட்காதவர்களுக்காக உண்டாக்கப்பட்டது. உங்களுக்கு இனி அது தேவைப்படாது என்பதால் மற்ற நண்பரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். உங்கள் புத்தகம் வந்ததும் கடையில் வாங்கிப் படிக்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்."

கிண்டலா என்று நான் மூன்று தரம் படித்தேன். ஒரு சொட்டுக் கிண்டல் இல்லை. அந்தம்மா நாங்கள் எழுதியதை அப்படியே நம்பியிருந்தார்.

ஜெயசுதா ஒரு தரம்தான் படித்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"நான் சரின்னு எழுதலாம்னுதானுங்க இருந்தேன்" என்றாள்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி, அவளும் ஏதாவது சொல்லி, ஒரு இடத்தில் வந்து நின்றிருப்போம். பை எடுத்துக்கொண்டு போய் பஸ் வரும் முன்பே ரோட்டில் நின்றாள்.

மத்தியானம் சாப்பிடும்போது பானுமதியிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தம்மா வாங்க வந்தாங்களா, குடுக்க வந்தாங்களா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"குடுக்க வந்தவங்ககிட்டயும் வெலை பேசற ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அப்பளம் எடுக்கப் போனாள்.

கடிதத்தின் அடியில் ருக்குமணியம்மாவின் நம்பர் இருந்தது. மறுநாள் காலையில் மிளகுக் கிடங்குக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன்.

"வணக்கமுங்கம்மா. நான் பூபதிங்க, கொல்லிமலை. மிளகு வியாபாரம். ஜெயசுதாவுக்கு அண்ணன் மாதிரிங்க."

"சொல்லுங்க" என்றார். நிதானமான குரல். அவரும் எங்கள் பக்கத்துப் பேச்சுதான், ஈரோடோ பவானியோ.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் என்னுடையது, சென்னைப் பதிப்பாளர் என்னுடையவர், நாலு அத்தியாயத்தை எடுக்க அவள் அன்றைக்கே தயாராக இருந்தாள், எங்கள் பக்கத்தில் முதலில் முடியாது என்று சொல்வதுதான் வழக்கம்.

"பேரம்னா எனக்கும் தெரியுமுங்க" என்றார் கடைசியில். "எங்கப்பா ஜவுளிக் கடையில இருந்தவர்தான். ஆனா நான் அவங்க மனசுல உள்ளதை எழுதச் சொன்னேன். எழுதினதை நம்பினேன். அந்தக் கடிதத்தைப் படிக்கறப்ப, நாவல்ல இருக்கற கொரல் இதுல இல்லையேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம், ஒருத்தரோட முடிவை நாம எப்படிச் சந்தேகப்படறதுன்னு விட்டுட்டேன். அப்பவே போன் பண்ணியிருக்கலாம். என் தப்பும் இருக்குது."

"இல்லீங்கம்மா, தப்பு பூராவும் என்னுதுங்க. இப்ப ஏதாச்சும் பண்ண முடியாதுங்களா?"

"அந்தப் பையன்கிட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொல்லிட்டேனுங்க. பெயிண்ட் அடிக்கப் போறவர். போன்லயே அழுதுட்டார். அவருகிட்ட எப்படி இல்லைன்னு சொல்றது?"

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவருக்கு மூணு மாசம், இவளுக்கு மூணு மாசம்னு..."

"ஏனுங்க" என்றார். கோபம் இல்லை, களைப்பு. "ஒருத்தருக்கே ஆறு மாசம் பத்தாதுங்க."

நான் நிறுத்திக்கொண்டேன். வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது கேட்டார்.

"நீங்க அஞ்சாவது அத்தியாயம் படிச்சீங்களா?"

கிடங்கு ஓட்டிலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சீசன் நேரம் என்று ஏதோ தொடங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"படிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முப்பது வருஷத்தில் மூட்டைக்குள் கைவிடாமல் நான் ஒரு சரக்குக்கும் வாய் திறந்ததில்லை. இதற்கு மட்டும் திறந்தேன். நாலு மாதம் என் கடையில், என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் தட்டிக்கொண்டிருந்த சரக்கு அது. மூட்டை வாயைக்கூட நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாலு அத்தியாயமும் சுற்றுலாக்காரர்களுக்குக் கொடுக்கும் நோட்டீஸ் மாதிரி இருந்தன. அருவி, கொண்டை ஊசி வளைவு, பலாப்பழ வாசம். நாவல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. ஐந்தாவதில் இருசாயி என்ற பெண் குடகில் ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்கிறாள். புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை. ஏழு மாதக் குழந்தையை மலையில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தவள். பால் கட்டி, சட்டை நனைகிறது. கீழே நிற்கும் மேஸ்திரி, மேலே மழை பெய்கிறதா என்று கேட்கிறான். ஆமாங்க, தூறுது என்கிறாள் இருசாயி. பையை நிரப்பிக்கொண்டே இருக்கிறாள்.

நான் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஒருவர் காபிக்கொட்டையோடு வந்தார். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாளும் படித்தேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு மிளகு வியாபாரி வருகிறான். எல்லோரையும் சிரிக்கவைப்பவன். விலை சொல்வதற்கு முன், வயிற்றைக் கலக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்பவன். கெட்டவன் இல்லை என்றுதான் அவள் எழுதியிருந்தாள். அவனுக்குக் காது மட்டும் கிடையாது, எதிரில் இருப்பவர் சொல்லும் விலை தவிர வேறு எதுவும் அவனுக்குக் கேட்காது என்று எழுதியிருந்தாள். சட்டை, கண்ணாடி, மீசை எல்லாம் என்னுடையவை. அதை அவள் எனக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து தட்டியிருக்கிறாள்.

பொங்கல் வரை அவள் கடைப்பக்கம் வரவில்லை. அருள்ராஜ்தான் மிளகைக் கொண்டுவந்தான். பொங்கல் முடிந்த நாலாம் நாள் குடகு வேன் கிளம்புகிறது என்று தெரிந்து, வண்டியை எடுத்துக்கொண்டு வளப்பூர் நாட்டுக்குப் போனேன்.

ஜெயசுதா வாசலில் துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. ஊடு இருக்கற கோலத்தப் பாக்காதீங்க, கெளம்பற நேரம்."

"கோயம்புத்தூருக்குப் பேசினேன் அம்மணி. நான் எழுதினதுன்னு சொல்லிட்டேன். இடம் போயிருச்சு."

"தெரியுமுங்க. அந்தம்மா எனக்கும் எழுதினாங்க. தொட்டி மேட்டுல போய்ப் பாத்தேன்." ஒரு சட்டையை உதறி மடித்தாள். "வருத்தப்பட்டு எழுதியிருந்தாங்க. அடுத்த வருஷம் வேற ஒருத்தர் வருவாராம், வேணும்னா மறுபடி அனுப்பலாமாம். அவருக்கு என்ன புடிக்குமோ."

"நான் படிச்சேன்" என்றேன்.

"எதைங்க?"

"முழுசும். ரெண்டு மத்தியானம்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எப்படியிருந்துச்சுங்கண்ணா?"

இதற்குத்தான் மலைப்பாதையில் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் சரக்குக்காரர் முன்னால் சரக்கை நன்றாக இருக்கிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் அப்பாவும் சொன்னதில்லை. சொன்னால் விலை ஏறிவிடும்.

"நல்லாருக்குது அம்மணி. ஆனா..."

அந்த 'ஆனா' தானாக வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எல்லா மூட்டைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்.

"ஆனா?" என்று அவள் காத்திருந்தாள். நிஜமாகவே ஏதோ குறை சொல்லப்போகிறேன் என்று, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா வந்துருச்சு."

அவள் மறுபடி மடிக்கத் தொடங்கினாள். "அந்த நாலையும் எடுத்துட்டேனுங்க. பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கறேன். குடகுல எஸ்டேட் லைன் வீட்டுல உக்காந்து இன்னொருக்கா எழுதிப் பாக்கோணும்."

"நல்லது. எங்க அனுப்பறதுன்னாலும் நம்ம கடையில வந்து..."

"இல்லீங்கண்ணா" என்றாள். குரல் உயரவில்லை. "இனிமே எங்க அனுப்பறேன், என்ன பதில் வந்துச்சுன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

"எனக்கென்ன கோவம்."

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழிச்சிருங்க."

"சரி" என்றேன்.

ரோட்டில் வேன் ஹார்ன் அடித்தது. பையைத் தூக்கப் போனேன். அருள்ராஜ் வந்து வாங்கிக்கொண்டான். வேனில் பதினாறு பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஜன்னலோரம் அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்தேன். ஐந்தாவது அத்தியாயத்தை மறுபடி ஒரு தரம் கடைசி வரை படித்தேன். நல்லாருக்குது அம்மணி, ரொம்ப நல்லாருக்குது என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் வந்தது. பிறகு, அவள் சொன்னபடி அழித்தேன்.